சேலம் கல்யாணத்தில் இறுக்கமில்லாத ஜோடிப் படங்கள்: முழுமையான வழிகாட்டி

மேடையில் நின்று ஐந்நூறு பேருக்குச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று. அறைக்குள் வந்து மாலையைக் கழற்றி வைத்து, "அப்பாடா" என்று உட்கார்ந்ததும் முகத்தில் வருவது இன்னொன்று. பத்து வருடம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது வீட்டில் எல்லோரும் நின்று பார்ப்பது இரண்டாவதைத்தான். அதை எடுப்பது எப்படி என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னோடு வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கிறார்கள். முகம் இறுகினால் லென்ஸை மாற்றுகிறார்கள், லைட்டை மாற்றுகிறார்கள், "இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்கிறார்கள். பசி, அவசரம், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் சொந்தக்காரர்கள் என்ற மூன்றாலும்தான் முகம் இறுகுகிறது. இவை மூன்றையும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். அதனால் கீழே முதல் ஆறு படிகளில் கேமரா அதிகம் வராது. அவற்றைத் தாண்டிக் குதித்தால் அடுத்த ஆறும் பலன் தராது.

1. இருபத்தைந்து நிமிடத்தைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள்

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாவது இரண்டு வீட்டிலும் பேசிவிடுங்கள். பொண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் மட்டும் சொல்லி வைத்தால் போதாது. அன்றைக்கு அவர்கள் நேரம் அவர்கள் கையில் இருக்காது. அது பெரியப்பா கையிலும் தாய்மாமன் கையிலும் இருக்கும். "பதினைந்து படம் நல்லா வரணும், அதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் தனியா வேணும்" என்று அவர்களிடம் நேராகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அன்றைக்கே போய்க் கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் அதைவிடக் குறைவு.

எந்த இருபத்தைந்து நிமிடம் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. நம் பக்கம் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்பதே வழக்கம். சேலத்தில் சூரியன் நவம்பர் நடுவில் மாலை 5.50 வாக்கில் மறையும். ஜூன் கடைசியில் 6.45 ஆகும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கினால் வெளிச்சம் மென்மையாக இருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் ஒரே மணிக்கணக்கு போடாதீர்கள்.

இங்கே புதியவர்கள் பார்க்கத் தவறும் விஷயம் ராகு காலம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை. ஞாயிறு ரிசப்ஷன், திங்கள் முகூர்த்தம் என்று வந்தால், மாலையின் நல்ல வெளிச்சமும் தாலி கட்டிய பிறகு வரும் காலை வெளிச்சமும் பெரும்பாலும் ராகு காலத்திலேயே போய்விடும். சில வீடுகளில் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள். சில வீடுகளில் அந்த நேரத்தில் பொண்ணை வாசல் தாண்ட விடமாட்டார்கள். வாதாடாதீர்கள், அந்த வீட்டுக்கு ஜன்னல் ஓரப் படங்களைத் திட்டமிடுங்கள்.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் இருவரும் தனியாக நின்று படம் எடுப்பதில் பெரியவர்களுக்குச் சம்மதமா? சம்மதம் இல்லையென்றால் உங்கள் நேரம் முகூர்த்தம் முடிந்து காலை டிபனுக்குப் பிறகுதான். பேசி முடித்ததை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் இரண்டு வீட்டுக்கும் அனுப்புங்கள். பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டி வராது.

2. மண்டபத்தை அதே மணிக்குப் போய்ப் பாருங்கள்

மாலை ஐந்து மணிக்குப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மாலை ஐந்து மணிக்கே போய்ப் பாருங்கள். காலையில் அருமையாகத் தெரிந்த படிக்கட்டு மாலையில் இருட்டாக இருக்கும். நேற்று நிழலாகத் தெரிந்த சுவரில் இன்று நேர் வெயில் அடிக்கும்.

ஓமலூர் ரோடு, ஜங்ஷன் பக்கம் உள்ள பெரிய ஏசி மண்டபங்களில் ஹாலுக்குள் ஜன்னல் வெளிச்சம் அநேகமாகக் கிடைக்காது. அங்கே மாடி அறைகளையும் படிக்கட்டுத் திருப்பங்களையும் வாகனம் நிற்கும் முகப்புக் கூரையையும் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை பக்கத்துப் பழைய மண்டபங்கள் சிறியவை, ஆனால் பக்கச் சந்தும் பின்வாசலும் கிடைக்கும். பொண்ணு வீடு பக்கத்திலேயே திண்ணை வைத்த பழைய வீடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே எடுங்கள். பிறந்து வளர்ந்த வீட்டில் யாருக்கும் நடிக்கத் தோன்றாது.

இடத்தை அழகை வைத்துத் தேர்ந்தெடுப்பதே இங்கே நடக்கும் பெரிய தவறு. உங்கள் உள்ளங்கையை முகம் இருக்கப்போகும் உயரத்தில் நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது கை ரேகையின் நிழல் மெத்தென்று, ஆனால் தட்டையாக ஆகிவிடாமல் தெரிகிறதோ, அந்தப் பக்கம்தான் அவர்கள் முகம் பார்க்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்.

மொட்டை மாடிச் சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள். அநேகமாக வாட்ச்மேனிடம் இருக்கும். கல்யாணத்தன்று அவரைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு இடம் முடிவு செய்யுங்கள், ஒன்று கூரைக்குக் கீழே. ஐப்பசியில் மழை கேட்டுக்கொண்டு வராது.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு கேமரா, ஒன்றில் அகலமாக எடுக்க 35 எம்.எம். லென்ஸ், இன்னொன்றில் தள்ளி நின்று முகத்தை எடுக்க 85 எம்.எம். லென்ஸ். ஒரு சின்ன ஃபிளாஷ். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் திரும்ப நடக்காது. இதற்கு மேல் சுமந்தால் கவனம் ஆளைவிட்டுப் பைக்குப் போய்விடும்.

இவற்றோடு ஊக்கு, கர்சீப், டிஷ்யூ, ஸ்ட்ரா, தண்ணீர் பாட்டில், துவைத்த பெட்ஷீட் ஒன்று. பட்டுப்புடவையோடு திண்ணையில் உட்காரச் சொன்னால், "அழுக்காயிடுமே" என்ற நினைப்பு முகத்தில் வந்துவிடும். பெட்ஷீட்டை விரித்தால் அந்த நினைப்பு போய்விடும். ஸ்ட்ரா எதற்கென்றால், லிப்ஸ்டிக் கலையும் என்று பயந்து பல பொண்ணுகள் மணிக்கணக்கில் தண்ணீர் குடிப்பதே இல்லை.

4. வீடியோக்காரரிடமும் மேக்கப் செய்பவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள்

வீடியோ லைட் நேராக முகத்தில் அடித்தால் கண் சுருங்கும். கண் சுருங்கிவிட்டால் அந்தப் படத்தில் இயல்பு என்று எதுவும் மிஞ்சாது. வீடியோ எடுக்கும் அண்ணனிடம் முதல் நாளே போனில் பேசுங்கள்: "இந்த இருபத்தஞ்சு நிமிஷம் லைட் வேண்டாம்ணே, முதல் பாதி நான் எடுக்கறேன், அடுத்த பாதி நீங்க எடுங்க, நான் ஓரமா நிக்கறேன்." அவர் நேரத்தையும் மதித்துப் பேசினால் யாரும் மறுப்பதில்லை. கூட்டத்துக்கு நடுவே அவரை அதட்டினால் அந்தச் சண்டையும் படத்தில் பதியும்.

மேக்கப் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும், பெரும்பாலும் தாமதமாகும். உங்களுக்கு 4.45 மணிக்குப் பொண்ணு தயாராக வேண்டுமென்றால், காரணத்தைச் சொல்லி 4.15 மணிக்கு முடிக்க முடியுமா என்று மேக்கப் செய்பவரிடம் கேளுங்கள். இடையில் கிடைக்கும் அரை மணி நேரம்தான் உங்கள் பாதுகாப்பு. பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கப் போவதையும் சொல்லுங்கள். மேடை விளக்குக்குப் போடும் கனமான பூச்சு பகலில் மாவு பூசியதுபோலத் தெரியும். முன்பே தெரிந்தால் அளவாகப் போடுவார்கள்.

5. சாப்பிட வைத்த பிறகே கூப்பிடுங்கள்

இந்தப் படியைப் பலரும் தங்கள் வேலையில்லை என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். ஒரு தை மாதக் கல்யாணத்தில் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்த பொண்ணு, முகூர்த்தம் முடிந்து எட்டரை வரை ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. எனக்கு அது தெரியாது. மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். ஐந்தாவது படத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா ஓடி வந்து இட்லி ஊட்டியபோது நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுப் பதில் வாங்காமல் யாரையும் வெளியே அழைப்பதில்லை.

மாலை ரிசப்ஷனுக்கு முன் கொஞ்சமாக ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். சேலத்துப் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் என்றால் முகம் தானாக மலரும். உடை மாற்றுவதற்கு முன் அறைக்கே வரவழைத்து இருவரையும் சாப்பிட விட்டால், அந்தப் பத்து நிமிடமே படத்துக்கு நல்ல தீனி. சட்னி சிவப்பாக ஒழுகும், அதனால் பட்டு உடுத்திய பிறகு மட்டும் அதைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

புதுச் செருப்பு கடிக்கிறதா, ஜடையும் பூவும் சேர்ந்து பின்தலையை இழுக்கிறதா, ஒட்டியாணம் இறுக்குகிறதா என்றும் கேளுங்கள். பொண்ணிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் அவளுடைய அக்காவிடமோ அத்தையிடமோ கேட்கச் சொல்லுங்கள். வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு, கன்னத்தோடு நின்றுவிடும், கண்ணுக்கு ஏறாது.

6. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் வேண்டும்

அத்தை மகன்கள், தோழிகள், குழந்தைகள் என்று எட்டுப் பேர் கூடவே வருவார்கள். ஒருவர் கிண்டல் செய்வார், ஒருவர் போனில் எடுப்பார், ஒருவர் "மாப்ள, கையைப் பிடிங்க" என்பார். பொண்ணின் கண் அவர்கள் பக்கமே போகும். நாற்பது படம் எடுத்து முப்பத்தைந்தில் பார்வை பக்கவாட்டில் இருப்பது இதனால்தான்.

அவர்களை விரட்டும் வேலையை நீங்கள் செய்யக்கூடாது. கல்யாண வீட்டில் வெளியாள் யாரையாவது போகச் சொன்னால் மனஸ்தாபம் வரும். குடும்பத்திலேயே எல்லோரும் பேச்சைக் கேட்கும் ஒரு ஆளை முன்பே பிடியுங்கள். சித்தியோ மூத்த அக்காவோ பொருத்தம். "முதல்ல உங்க எல்லாரோடயும் ரெண்டு படம், அப்புறம் அவங்க ரெண்டு பேர் மட்டும்" என்று அவர் சொல்லட்டும். சொன்னபடி முதலில் அந்தக் கூட்டப் படத்தை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். தங்களுக்குப் படம் கிடைத்துவிட்டால் அவர்களே நகர்ந்துவிடுவார்கள்.

பொண்ணுக்கு நெருங்கிய ஒருத்தி மட்டும் கூட இருக்கட்டும். முந்தானையைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அதைவிட, இப்போதுதான் பழகத் தொடங்கிய மாப்பிள்ளையோடும் முன்பின் தெரியாத கேமராக்காரரோடும் தனியாக நிற்பது பல பொண்ணுகளுக்குச் சங்கடம்.

7. வெளிச்சத்தையும் கேமராவையும் அவர்கள் வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள்

உங்கள் உதவியாளரை நிற்க வைத்து எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்ற பிறகு நீங்கள் திரையைப் பார்த்து முகம் சுளித்தால், "நாம சரியா நிக்கலையோ" என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

வெளியே என்றால் சமமான நிழல். ஒரு பக்கம் திறந்த வானம். மரத்தடியில் இலை வழியே பொட்டுப் பொட்டாக விழும் வெயில் கண்ணுக்கு அழகு, முகத்துக்கு ஆகாது. உள்ளே என்றால் ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, முகம் ஜன்னலுக்குச் சாய்வாக. அறையின் டியூப்லைட்டையும் சீலிங் விளக்கையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் ஒரு கன்னம் மஞ்சளாகவும் வரும், பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் சேராது.

இருவர் உள்ள படத்துக்கு, லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணில் 2.8-க்குக் கீழே போகாதீர்கள். ஒருவர் அரை அடி பின்னால் இருந்தாலே மற்றவர் கண் மங்கிவிடும். நடக்கும்போது எடுத்தால் 1/250 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். இருட்டினால், கேமராவின் வெளிச்ச உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தை வீட்டில் ஏற்பார்கள், கலங்கிய படத்தை ஏற்கமாட்டார்கள். மேடையில் எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்தால் 1/100 நொடிக்கு மாறிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் பெரும்பாலும் அதன் இரட்டை வேகத்தில் மினுக்கும்.

மாப்பிள்ளை உடுத்தும் வெண்பட்டு தனிக் கவனம் கேட்கும். சேலம் வெண்பட்டின் அழகே அந்த மினுமினுப்பில்தான் இருக்கிறது. அது வெளுத்து அடித்துவிட்டால் வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் வெள்ளையைப் பார்த்து மிரண்டு முகத்தைக் கறுக்க வைக்கும், அல்லது முகத்தைப் பார்த்து வேட்டியை எரிக்கும். வேட்டியின் மடிப்பு தெரியும் அளவுக்குக் கையால் வெளிச்சத்தைக் கட்டிவையுங்கள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அதற்கு வேண்டியதைக் கொடுங்கள்.

8. முதல் ஐந்து நிமிடப் படங்களை எதிர்பார்க்காதீர்கள்

அவர்கள் வந்து நின்றதும் முதல் ஐந்து நிமிடம் முகம் மரம்போலத்தான் இருக்கும். அதில் எதுவும் தவறில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்குப் பழக்கமான "நேரா பாருங்க" படங்களை எடுத்துவிடுங்கள். பாட்டிகளுக்கும் பத்திரிகை வைத்த பெரியவர்களுக்கும் அதுதான் பிடிக்கும், அதனால் வீணாகவும் போகாது.

திரையில் படத்தைக் காட்டாதீர்கள். காட்டினால் பொண்ணு உடனே தன் கன்னத்தையும் மாப்பிள்ளை தன் வயிற்றையும் பார்ப்பார்கள், பிறகு அதைப் பற்றியே நினைத்துக்கொண்டு நிற்பார்கள். "நல்லா வருது" என்று சொன்னால் போதும். சும்மா சொல்லாதீர்கள், நன்றாக வந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

9. முகத்தை மாற்றச் சொல்லாதீர்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

"சிரிங்க", "ஃபீல் பண்ணுங்க", "காதலா பாருங்க" என்ற மூன்றையும் மறந்துவிடுங்கள். கேட்டு வாங்கிய சிரிப்பு இரண்டு நொடி நிற்கும், அதற்குப் பிறகு வாய் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். கை எதையாவது செய்துகொண்டிருந்தால் முகம் தன்னை மறந்துவிடும்.

நம் கல்யாணத்திலேயே வேலைகள் நிறைய இருக்கின்றன. மாலையில் சிக்கிய நாரைப் பொண்ணு எடுத்துவிடுவது. மாப்பிள்ளையின் தலைப்பாகையை (உருமால்) சரிசெய்வது. அவள் வளையலில் மாட்டிக்கொண்ட சரிகை நூலை அவன் விடுவிப்பது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் படியிறங்குவது. ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பது. இவற்றில் எதையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டாம், அவர்கள் எப்படியும் செய்யப்போவதுதான். நீங்கள் நல்ல வெளிச்சத்தில் செய்யச் சொல்கிறீர்கள், அவ்வளவே.

வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் இன்னும் நிதானம் தேவை. நான்கைந்து மாதம் போனில் பேசியிருப்பார்கள், நேரில் ஐந்தாறு தடவை பார்த்திருப்பார்கள். அவர்களைக் கட்டிப் பிடிக்கச் சொன்னால் இருவர் தோளும் விறைத்துவிடும். பக்கத்தில் மாமனார் நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கை இடைவெளியில் நடக்க விடுங்கள். நடை தொடங்கிய இருபதாவது அடியில் தானாக நெருங்கி வருவார்கள். அந்த இருபது அடியும் பின்னாலேயே நடந்து வருவதற்கு உங்களுக்குப் பொறுமை வேண்டும்.

பேச்சையும் கொடுங்கள். "முதல் தடவை போன் பண்ணினப்ப யாரு முதல்ல பேசினீங்க?" என்று கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் காத்திருக்கிறோம். கேள்வி கேட்டுவிட்டு உடனே கேமராவுக்குப் பின்னால் போய் மௌனமாகிவிடுங்கள். பதில் அவர்களுக்குள் நடக்கட்டும். பதிலை நீங்கள் கேட்டுக்கொண்டே பேச்சை வளர்த்தால், அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்த படம்தான் மிஞ்சும். ஜோடிகளை மட்டம் தட்டியோ பொண்ணின் நிறத்தையும் உடம்பையும் சீண்டியோ சிரிக்க வைக்கவே கூடாது. அப்போது சிரித்துவிடுவார்கள், ஆனால் இரவில் அது உறுத்தும்.

ஒரு காட்சி முடிந்ததும் கேமராவை உடனே இறக்காதீர்கள். "சரி, போதும்" என்று நீங்கள் சொன்ன அடுத்த இரண்டு மூன்று நொடியில் இருவரும் மூச்சு விடுவார்கள், தோள் இறங்கும், ஒருவர் மற்றவரைப் பார்த்து ஏதாவது சொல்வார். என் கையில் உள்ள நல்ல படங்களில் பாதிக்கு மேல் "போதும்" சொன்ன பிறகு எடுத்தவை. புதியவர்கள் அந்த நேரத்தில்தான் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

10. சடங்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்

தாலி கட்டும் நொடியை எல்லோரும் எடுப்பார்கள். அதை விடாதீர்கள். ஆனால் தாலி கட்டி முடித்து, மேளம் அடங்கி, அடுத்த சடங்குக்குப் பொருள் எடுத்து வைக்கும் அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொண்ணு அம்மாவைத் தேடுவாள். மாப்பிள்ளை அட்சதையைத் தலையிலிருந்து தட்டுவார். அந்த இடைவெளிகள் எங்கெங்கே வரும் என்று தெரிய வேண்டுமானால் சடங்கின் வரிசை தெரிந்திருக்க வேண்டும். வரிசை வீட்டுக்கு வீடு, சமூகத்துக்குச் சமூகம் மாறும். கொங்கு முறைக் கல்யாணத்தில் அருமைக்காரர் என்ற பெரியவர் முன்னின்று நடத்துவார், மாப்பிள்ளையின் சகோதரி பங்கேற்கும் இணைச்சீர் என்ற சடங்கு உண்டு. அய்யர் வைத்துச் செய்யும் கல்யாணத்தில் ஓமம் வளர்ப்பார்கள். நடத்தி வைப்பவரிடம் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதித்துக் கேட்டால் எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்றுகூடச் சொல்லித் தருவார்கள்.

மேடையில் ஏறி நின்று எடுக்காதீர்கள். கீழே ஓரமாக 85 எம்.எம். வைத்து நில்லுங்கள். நீங்கள் கண்ணில் படாமல் இருந்தால்தான் அவர்கள் உங்களை மறப்பார்கள்.

11. ஏற்காடு போவதாக இருந்தால்

நேரம் இருக்கும் ஜோடிகளுக்கு நான் சொல்வது, கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஏற்காடு. கல்யாணத்தன்றே மலையேறி இறங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் நகையும் பட்டுமாக ஏறினால் பாதிப் பேருக்குக் குமட்டும். சாதாரண உடையில் ஏறி, மேலே போய் ஒரு மணி நேரம் இளைப்பாறி, பிறகு உடுத்திக்கொள்வதே சரியான வரிசை. ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். ஏரியைச் சுற்றிலும், லேடீஸ் சீட்டிலும், பகோடா பாயிண்டிலும் கூட்டம் நெரியும். ஆறாம் படி அங்கே வேலை செய்யாது. வார நாளில் விடிந்ததும் தொடங்கினால் ஒன்பது மணி வரை இடம் உங்களுடையது. கோடை விழா நடக்கும் மே மாதத்தை மறந்தே விடுங்கள்.

காபித் தோட்டங்கள் தனியார் சொத்து. வேலி திறந்திருக்கிறது என்று நுழையாதீர்கள்; முன்பே உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ கேளுங்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் ஏறினால் ஏழாம் படியில் சொன்ன பொட்டு வெளிச்சம்தான் கிடைக்கும், அதனால் வெயில் ஏறும் முன்போ மேகம் மூடியபோதோ எடுங்கள். கோடை மழை பெய்த சில நாட்களில் காபிச் செடி வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல மணக்கும். அது சில நாள்தான் நிற்கும். தோட்டத்தில் தெரிந்தவர் இருந்தால் சொல்லி வையுங்கள், கிடைத்தால் அந்த மணமே இருவர் முகத்தையும் தளர்த்திவிடும்.

பனிமூட்டம் வந்தால் கேமராவின் அளவீடு ஏமாறும். படம் சாம்பலாக விழும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் நீர் படியும், அதைத் துணியால் அழுத்தித் துடைக்காமல் கால் மணி நேரம் பையோடு வெளியே வைத்தால் தானாகக் காய்ந்துவிடும். குரங்குகள் பூவுக்கும் பழத்துக்கும் நேராகக் கைக்கே வரும். மாலையையும் தின்பண்டத்தையும் காருக்குள் வையுங்கள்.

மலையேற முடியாதவர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை இருக்கிறது. காலையில் தண்ணீருக்கு அப்பால் சேர்வராயன் மலை தெரியும். நடக்க வருபவர்கள் தவிர வேறு கூட்டம் அப்போது இருக்காது.

12. படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது

இருபத்தைந்து நிமிடத்தில் இருநூறு படம் எடுத்திருப்பீர்கள். அன்றே பார்க்காதீர்கள், அன்றைக்கு உங்கள் உழைப்புதான் கண்ணுக்குத் தெரியும், முகம் தெரியாது. அன்றே செய்ய வேண்டியது, இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுப்பது மட்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்து முப்பதாகக் குறையுங்கள். மூக்கும் நகையும் சரியாக விழுந்த படத்தைவிட, கண் உயிரோடு இருக்கும் படத்தை வையுங்கள்.

முகத்தை வெளுக்காதீர்கள். "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று ஏதாவது ஒரு பெரியவர் கேட்பார். மாநிறமான பெண்ணை வெளுத்துக் கொடுத்தால், நாளைக்கு அவளுடைய குழந்தை "இது யாரும்மா?" என்று கேட்கும். தோலின் நிறத்தை அப்படியே வைத்து, வெளிச்சத்தை மட்டும் அரை ஸ்டாப் ஏற்றிக் காட்டுங்கள். அவர்கள் கேட்டது பெரும்பாலும் அதுதான். பருவையும் வியர்வைப் பளபளப்பையும் எடுக்கலாம், மச்சத்தையும் கன்னக்குழியையும் தொடாதீர்கள்.

கொடுக்கும்போது முதலில் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் எதைப் போடலாம் என்று அவர்கள் சொல்லட்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய படம் அவர்களுக்கு மட்டும் என்று இருக்கலாம். ஆல்பம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஒரே ஒரு படத்தைப் பிரேம் போட்டு மறுவீட்டு விருந்துக்கு முன் பொண்ணோட அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.